நூறு நைராவில் சாப்பாட்டுக்கு எவ்வளவு?



போன வாரம் சமூக அறிவியல் டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாங்க. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டுக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் செலவு செய்த தொகை அது. நைரா என்பது அந்த நாட்டுப் பணம்.

2009-10 : சுமார் 21.6 லட்சம் கோடி நைரா
2019 : சுமார் 40.2 லட்சம் கோடி நைரா

“அப்போ அந்த மக்கள் வசதியாயிட்டாங்களா?” என்று கேட்டாங்க. நான்தான் முதல் ஆளாக எழுந்து, “ஆமா டீச்சர், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சே!” என்றேன். என் பதில் தப்பு. ஏன் தப்பு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. விலையைப் பார்க்கணும்
அந்த வருஷங்களில் நைஜீரியாவில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேலே கூடிப்போச்சு. ஜனத்தொகையும் கூடிச்சு. அதனால் செலவு கூடியது என்றால் வீட்டுக்கு வந்த சாமானும் கூடியது என்று அர்த்தம் இல்லை.

2. பங்கைப் பார்க்கணும்
எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மனி நாட்டு அறிஞர் 1857-ல் ஒரு விதி சொன்னார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் செலவில் சாப்பாட்டின் பங்கு அவ்வளவு அதிகம். காரணம் சுலபம். வயிற்றுக்குப் போட்ட பிறகுதானே மற்றதெல்லாம்?

நைஜீரியக் குடும்பங்கள் 2009-10-ல் 100 நைரா செலவழித்தால் அதில் சாப்பாட்டுக்கு 65 போனது. 2019-ல் 57. இது நல்ல அறிகுறி மாதிரி தெரியும். ஆனால் வாடகையும் பஸ் கட்டணமும் ஏறினாலும் சாப்பாட்டின் பங்கு குறைந்துதான் தெரியும். அதனால் இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

2019-ல் 100 நைராவில் சில செலவுகள் (சுமாராக):
வெளியில் வாங்கிச் சாப்பிடுவது – 11
கிழங்கு, வாழைக்காய் வகை – 6
அரிசி – 5
போக்குவரத்து – 6
வைத்தியம் – 6
படிப்பு – 6

கிழங்கு என்றால் பெருவள்ளியும் மரவள்ளியும். மரவள்ளியைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து வறுத்தால் ‘காரி’ என்ற மாவு கிடைக்கும். ஏழை வீடு, பணக்கார வீடு எல்லாவற்றிலும் அது உண்டு.

3. பிறகு என்ன ஆச்சு?
2023 மே மாதம் புது ஜனாதிபதி போலா டினுபு பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று அறிவித்தார். 200 நைராவுக்குக் கீழே இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 500 நைரா பக்கம் போனது. லாரி வாடகை ஏறினால் அரிசி விலையும் ஏறும் இல்லையா? நைராவின் மதிப்பும் விழுந்தது. 2023 ஜூனில் 100 நைராவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 2024 ஜூனில் சுமார் 141 நைரா.

சம்பளம் அதே அளவுக்கு ஏறாத வீட்டில் அந்த 41 நைராவுக்கு எங்கே போவார்கள்? சாப்பிடாமல் இருக்க முடியாது. மருந்தை நிறுத்த முடியாது. மேலே உள்ள பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள். பள்ளிக்கூட ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் அந்த 6 நைராவுக்குள்தான். அதில் கை வைத்தால் நம்ம வயசுப் பிள்ளை ஒன்று வகுப்பை விட்டு நிற்கும்.

இனி யாராவது “செலவு கூடிடுச்சு, நாடு முன்னேறிடுச்சு” என்று சொன்னால் நான் உடனே கையைத் தூக்க மாட்டேன். “சாப்பாட்டுக்குப் போக மிச்சம் எவ்வளவு?” என்று முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி