கட்டி எங்கே? அது செய்வது என்ன?

1886 இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில், பீலிக்ஸ் பிரென்கெல் என்ற வைத்தியர் 18 வயதுப் பெண்ணொருத்தியின் நோயைப் பற்றி எழுதினார். திடீர் திடீரென அவளுக்கு நெஞ்சு படபடத்தது, தலை வலித்தது, முகம் வெளிறியது. காரணம் அவள் இறந்த பின்னரே தெரிந்தது: இரண்டு அதிரீனற் சுரப்பிகளிலும் கட்டிகள். எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்க இன்னும் 9 வருடங்கள் இருந்தன. அவள் என்னிலும் ஒரு வயதுதான் மூத்தவள்.

அதிரீனற் சுரப்பிகள் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்தவை. மேற்பட்டை கோட்டிசோல், அல்டொஸ்டெரோன் ஆகியவற்றையும், மையவிழையம் அதிரீனலின், நோரதிரீனலின் ஆகியவற்றையும் சுரக்கும். அந்தப் பெண்ணுக்கு வந்தது மையவிழையக் கட்டியான பியோகுரோமோசைற்றோமா. இது குருதியமுக்கத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும்.

இன்று இதைப் படம்பிடிக்க இரு வழிகள் உள்ளன. திருநெல்வேலிச் சந்தையில் கட்டிவைத்த சாக்கைப் பார்த்தால் பருமன் தெரியும். உள்ளே வெங்காயமா, உருளைக்கிழங்கா என்பது அவிழ்த்தால்தான் தெரியும். சீ.ரி. ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் பருமனையும் இடத்தையும் காட்டுபவை. சீ.ரி. விரைவானது, நுணுக்கமானது, ஆனால் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவது. எம்.ஆர்.ஐ.யில் அக்கதிர் இல்லை. ஆகவே சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்தது.

இரண்டாவது வழி, கட்டியின் தொழிலைக் காட்டுவது. எம்.ஐ.பி.ஜி. என்ற பதார்த்தம் நோரதிரீனலினை ஒத்தது. அதில் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனைச் சேர்த்து ஊசிமூலம் ஏற்றினால், கட்டியின் கலங்கள் அதை உள்ளெடுத்துப் படத்தில் ஒளிரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1981 இல் இம்முறையை வெளியிட்டனர். அதிரீனலுக்கு வெளியே, கழுத்து முதலிய இடங்களில் வரும் இனக்கட்டிகளைக் காண, கலியம் 68 கொண்ட பெற் ஸ்கான் பெரும்பாலும் இதனிலும் கூர்மையானது.

படம் மட்டும் போதுமா? போதாது. வயது கூடியோரின் அதிரீனலில் ஓமோன் சுரக்காத தீங்கற்ற கட்டிகள் இருப்பது அரிதன்று. அல்டொஸ்டெரோன் மிகையாகச் சுரக்கும் நோயில், சீ.ரி. ஒரு பக்கக் கட்டியைக் காட்ட, ஓமோன் மறுபக்கத்திலிருந்து வரலாம். அதனால் சத்திரசிகிச்சைக்கு முன் பெரும்பாலும் இரு பக்க நாளங்களிலும் குருதி எடுத்து ஒப்பிடுவர். பியோகுரோமோசைற்றோமாவிலும் முதலில் குருதியிலோ சிறுநீரிலோ மெற்றநெப்ரின் அளவைப் பார்ப்பர். ஸ்கான் அதன் பிறகே.

2007 இல் அந்தப் பெண்ணின் உறவினர் வழித்தோன்றல்களில், இக்கட்டிகளை உண்டாக்கும் பரம்பரையலகு விகாரம் கண்டறியப்பட்டது. ஆகவே பெற்றோரே, இள வயதுப் பிள்ளைக்குக் குருதியமுக்கம் உயர்ந்து, தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்துவந்து போனால், “சோதினைப் பயம்” என்று விட்டுவிடாதீர்கள். நீங்களாக ஸ்கான் எடுக்கவும் ஓடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இப்படி இருந்ததா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.