பார்வை இல்லையென்றால் பாலிசியும் இல்லையா?

(இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவன்)



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எந்தப் படிவம் வந்தாலும் "தம்பி, இதைப் படிச்சு எழுதிக் குடு" என்று என்னிடம்தான் வரும். சித்தப்பாவின் ஆயுள் காப்பீட்டுப் படிவமும் அப்படித்தான் வந்தது. அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். நாற்காலி பின்னி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். "உடல் ஊனம் உண்டா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதினேன். ஏஜெண்ட் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியாதவருக்குக் கிடைக்காது தம்பி. 'இல்லை'ன்னு போட்டுடு, வாங்கித் தரேன்" என்றார். "பொய் எழுதி வாங்குற பாலிசி வேணாம்டா" என்று சித்தப்பா எழுந்துவிட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

மறைத்து எழுதலாமா?

கூடவே கூடாது. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆவது பிரிவின்படி, முக்கியமான உண்மையை மறைத்திருந்தால் முதல் 3 ஆண்டுகளுக்குள் கம்பெனி பாலிசியை ரத்து செய்யலாம். அந்த நேரத்தில் குடும்பம்தான் தவிக்கும்.

பாதுகாப்பு தரும் சட்டங்கள்

1. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006): மருத்துவ, ஆயுள் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது இதன் 25-ஆவது ஷரத்து. இந்தியா 2007-இல் இதை ஏற்றது.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது 3-ஆவது பிரிவு. நியாயமான நோக்கமும் அதற்கேற்ற அளவும் இருப்பதாக நிரூபித்தால் மட்டுமே விலக்கு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம்.

3. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு (பிப்ரவரி 2023): மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது.

அப்படியென்றால் கூடுதல் பிரீமியமே கேட்கக் கூடாதா? கேட்கலாம், ஆனால் கணக்கு காட்ட வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போயிருந்தால், அந்த நோயின் ஆபத்தைக் கணக்கிடுவது நியாயம். பார்வை இல்லை என்ற ஒன்றுக்காகவே தள்ளுவது நியாயமல்ல. நம் லேபில் மெக்கர் வைத்துப் பார்க்காமல் மோட்டார் போய்விட்டது என்று சொன்னால் சார் விடுவாரா? மனிதனுக்கு மட்டும் சோதனையே இல்லாத தீர்ப்பா?

நாம் செய்ய வேண்டியது

படிவத்தில் உண்மையை எழுதுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படிவத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். நடக்கவில்லையா? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையிலும் தலைமை ஆணையர் டெல்லியிலும் இருக்கிறார்கள்.

முடிவுரை

சித்தப்பாவின் படிவத்தை "ஆம்" என்பதை மாற்றாமல் நேராகக் கிளை அலுவலகத்திலேயே கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கி வந்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். படிவம் படிக்கத் தெரிந்த நாம் அவருக்காக ஒரு மணி நேரம் உட்காரக் கூடாதா?