தோல் போர்த்திய படகு

படகு என்றவுடன் பெருமரத்தைக் குடைந்தோ பலகைகளை இணைத்தோ செய்யப்பட்ட கலமே நம் நினைவிற்கு வருகிறது. பெருமரங்கள் வளராத நாட்டில் வாழ்வோர் படகுக்கு என் செய்வர்? வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்தில் வாழும் இன்யூட் மக்கள் இவ்வினாவிற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டனர். அவ்விடையே ‘கயாக்’ என்னும் தோற்படகாகும்.

சைபீரிய ஆறுகள் அடித்துச் சென்ற மரங்கள் கடல் நீரோட்டத்தால் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அவற்றைப் பிளந்து மெல்லிய சட்டங்களாக்கி, ஆணியடித்து இறுக்காமல், தோல்வாரால் கட்டினர். கட்டுகள் அலைக்கேற்ப நெகிழ்ந்து கொடுப்பதால் சட்டம் எளிதில் முறிவதில்லை.

இப்படகிற்கு அளவுகோல் செலுத்துபவனின் உடலே. நீளம் ஏறத்தாழ அவன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. அகலம் இடுப்பகலத்தோடு இரு கைப்பிடி. ஆகவே, ஒருவனுக்கென அமைத்த படகு மற்றொருவனுக்குச் சரியாகப் பொருந்துவது அரிது.

சட்டத்தின்மீது கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைப்பது பெண்களின் கடமை. ஊசி தோலை முழுவதும் துளைக்காதவாறு, விலங்கின் நரம்பால் தைப்பர். துளை விழாத தையலில் நீர் கசியாது. பனிநீரில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர்தரிக்க இயலாதன்றோ? வேட்டைக்குச் சென்றவன் உயிருடன் திரும்புவது வீட்டில் தைத்தவளின் விரல்நுனியில் இருந்தது!

நம் முன்னோரும் இம்முறையை அறிந்திருந்தனர். காவிரியில் ஓடும் பரிசல், மூங்கிற் பின்னலின்மீது தோல் போர்த்திய வட்டக்கலமே. இன்று தோலுக்கு மாற்றாக நெகிழித்தாளைப் போர்த்துகின்றனர்.

இக்காலத்தில் கயாக்கை வீட்டிலேயே குறைந்த செலவில் செய்வோர் பலர். விளிம்பிற்கு இரு நீண்ட சட்டங்களை எடுத்து, நுனிகளைச் சேர்த்து, இடையே குறுக்குச் சட்டங்களைப் பொருத்துவர். மெல்லிய கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து விலா எலும்பு போல் வளைத்து விளிம்பில் செருகுவர். அடியில் மூன்று நீளச் சட்டங்களை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். பின்னர்த் தடித்த கித்தான் துணியை இழுத்துத் தைத்து, நீர் புகாவண்ணம் எண்ணெய்ச் சாயத்தைப் பல முறை பூசுவர். இரம்பம், இழைப்புளி, உளி, ஊசி ஆகியவையே முதன்மைக் கருவிகள். மரம் சிறிதளவே வேண்டுவதால் செலவும் சுருங்குகிறது. எடையும் குறைவதால் ஒருவரே தூக்கிச் செல்லலாம்.

மாணவ மணிகளே! முதலில் ஈர்க்குச்சி, நூல், பழந்துணி, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு ஒரு முழ நீள மாதிரிப் படகு செய்து, தொட்டி நீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். எந்தக் கட்டு தளர்ந்தது, எந்தத் தையல் கசிந்தது என்பதை நீரே காட்டிக்கொடுக்கும். ஆனால், ஆற்றிலோ ஆழமான குட்டையிலோ பெரியோர் துணையும் மிதவைச் சட்டையும் இன்றி இறங்குதல் ஆகாது.

கையில் கிடைப்பது சிறிதாயினும், கட்டும் கட்டிலும் தைக்கும் தையலிலும் கருத்தூன்றினால் கடலையும் கடக்கலாம். தோற்படகிடமிருந்து நாம் கற்கும் பாடம் இதுவே.