ஈயும் குவளையும்: எல்லைப்புற மருத்துவர் கிரம்பைன் கற்பித்த பாடம்

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது மருத்துவம்; நோய் வாராமலே காப்பது சுகாதாரம். முன்னதை மருத்துவர் ஒருவரே செய்துவிடலாம். பின்னதற்கு ஊரார் அனைவரும் கூடவேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கை அனுபவத்தால் கண்டு, ஒரு மாநிலம் முழுவதற்கும் கற்பித்த மருத்துவர் ஒருவரைப் பற்றி இங்கே ஆராய்வோம். அவர் பெயர் சாமுவேல் கிரம்பைன். அவர் செய்த பணியில் பெரும்பகுதி இன்று நமது பஞ்சாயத்துகளின் பொறுப்பில் உள்ள பணியே என்பதால், அவர் வரலாறு நமக்கு மிகவும் பயன்படுவதாகும்.

எல்லைப்புறத்தில் ஒரு மருத்துவர்

கிரம்பைன் 1862-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். சின்சினாட்டி நகரில் மருத்துவம் பயின்று, கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள டாட்ஜ் நகரத்தில் மருத்துவத் தொழில் நடத்தினார். டாட்ஜ் நகரம் 1872-ல் ரயில் பாதையை ஒட்டித் தோன்றிய ஊர். தெற்கேயிருந்து மந்தை மந்தையாக ஓட்டிவரப்பட்ட மாடுகள் அங்கேதான் ரயிலில் ஏற்றப்பட்டன. புதிதாகக் குடியேறியவர்களின் வீடுகள் பரந்த புல்வெளியில் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தன. ஒரு நோயாளியைக் காணக் குதிரை வண்டியில் பல மணி நேரம் செல்லவேண்டும். மருத்துவர் போய்ச் சேருமுன் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

இத்தகைய இடத்தில் பணிபுரிந்தவருக்கு, நோயை வீட்டு வாயிலிலேயே தடுத்து நிறுத்துவதன் அருமை நன்கு விளங்கியிருக்கும். 1899-ல் அவர் கான்சாஸ் மாநிலச் சுகாதாரக் குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1904-ல் அதன் செயலாளராகி, 1923 வரை அப்பதவியில் இருந்தார். எல்லைப்புற மருத்துவரின் பயிற்சி மாநிலம் முழுமைக்கும் பயன்பட்டது இவ்வாறுதான்.

ஈயை ஒழிக்கும் இயக்கம்

1898-ல் ஸ்பெயினுடன் அமெரிக்கா போர் புரிந்தபோது, படை முகாம்களில் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல் பரவியது. போர்க்களத்தில் மாண்டவரினும் நோயால் மாண்டவரே அதிகம். வால்டர் ரீட் தலைமையில் இதனை ஆராய்ந்த குழுவினர் ஒரு காட்சியைக் கண்டனர். மலக்குழிகளில் தூவிய சுண்ணாம்பு காலில் ஒட்டியிருக்க, ஈக்கள் பறந்து வந்து உணவின்மேல் ஊர்ந்தன. மலத்திலிருந்து உணவுக்கு நோய் செல்லும் வழி அவர்கள் கண்ணுக்கு வெள்ளை வெளேரெனத் தெரிந்தது.

இச்செய்தியை மருத்துவர் அறிந்திருந்தனர், குடியானவர் அறிந்திலர். அக்காலத்தில் ஈ ஒரு தொல்லையாகக் கருதப்பட்டதேயன்றிப் பகையாகக் கருதப்படவில்லை. 1905-ஆம் ஆண்டளவில் கிரம்பைன் டொப்பேகா நகரில் ஒரு பேஸ்பால் பந்தாட்டம் காணச் சென்றிருந்தார். ஓங்கி அடிக்கும்படி மக்கள் ஆட்டக்காரரை நோக்கிக் கூவினர். அவ்வாட்டத்தில் உயர எழும்பும் பந்துக்கும் ஈக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தக் கூவலே அவருக்கு ‘ஈயை அடி’ என்னும் முழக்கத்தைத் தந்தது. சுகாதாரக் குழுவின் வெளியீட்டில் அது அச்சாகி, விரைவில் நாடெங்கும் பரவியது.

வேர் என்னும் சிற்றூரின் பள்ளி ஆசிரியர் பிராங்க் ரோஸ் என்பவர், ஓர் அளவுகோலின் நுனியில் கம்பிவலைத் துண்டைப் பொருத்தி ஈ அடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்கு நிலைத்த பெயரைச் சூட்டியவர் கிரம்பைனே. திட்டத்தை அதிகாரி தொடங்கலாம். அதனைக் கையில் ஏந்தி நடத்துவோர் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஆசிரியரே சான்று.

பொதுக் குவளை

அந்நாளில் ரயில் வண்டிகளிலும் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டியின் அருகே ஒரே குவளை தொங்கும். எல்லோரும் அதிலேயே வாய்வைத்துக் குடிப்பர். ஒருமுறை ரயிலில் சென்றபோது, காசநோயாளிகள் குடித்துவைத்த குவளையையே ஒரு சிறு குழந்தை எடுத்துக் குடித்ததைக் கிரம்பைன் கண்டார். அதன்பின் அவர் வாளாவிருக்கவில்லை. 1909-ல் கான்சாஸ் மாநிலத்தில் ரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளை தடைசெய்யப்பட்டது. மாநில அளவில் இத்தகைய தடை அமெரிக்காவில் அதுவே முதலாவது. பலரும் மாறி மாறித் துடைத்த பொதுத் துவாலையும் பின்னர் விலக்கப்பட்டது. கண்ட இடத்தில் எச்சில் துப்பும் வழக்கத்தை நிறுத்த, நடைபாதையில் துப்பாதீர் என்னும் சொற்கள் பதித்த செங்கற்களைச் செய்யச் சொன்னார். அச்செங்கற்கள் தெருவிலேயே பாவப்பட்டன. படிக்கும் அறிவிப்பு ஒருவர் காலடியிலேயே கிடந்தால், பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை அல்லவா?

1923-ல் எழுந்த அரசியல் பூசலை ஒட்டி அவர் பதவியை விட்டு நியூயார்க் சென்று, அமெரிக்கக் குழந்தை நலச் சங்கத்தில் பணியாற்றினார். 1948-ல் ‘எல்லைப்புற மருத்துவர்’ என்று பொருள்படும் தலைப்பில் தம் வரலாற்றை வெளியிட்டார். 1954-ல் காலமானார்.

இன்றைய அறிவின் ஒளியில்

பெரியோர் செய்ததையெல்லாம் அப்படியே பின்பற்றுவது ஆராய்ச்சியாகாது. அவர் பணியில் கொள்ளத்தக்கதையும் திருத்தத்தக்கதையும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, காசநோய் பெரும்பாலும் நோயாளி இருமும்போது காற்றின் வழியே பரவுகிறது என்பதை இன்று அறிவோம். குவளையின் மீதே முழுப்பழியையும் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும் எச்சில் வழியே பரவும் வேறு நோய்கள் உண்டாதலால், அத்தடை வீணன்று. காசநோய்க்கு நாம் செய்யவேண்டியது, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலை மறைக்காமல் சளிப் பரிசோதனைக்குச் செல்வதும், மருந்தை இடையில் நிறுத்தாமல் முடிப்பதுமாகும்.

இரண்டாவது, ஈயை அடிப்பதால் மட்டும் ஈ ஒழியாது. பெண் ஈ ஒருமுறைக்கு நூறு முதல் நூற்றைம்பது முட்டைகள் வரை இடும். வெப்பமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டை ஈயாகிவிடும். அடித்த ஒன்றுக்கு ஈடாக நூறு பிறக்கும். ஆகவே சாணமும் குப்பையும் ஒரு வாரத்திற்குமேல் வெறுவெளியில் கிடவாமல், எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுவதே வேரறுக்கும் வழி. இதனால் ஈ குறைவதோடு, வெயிலில் வீணாகும் எருச்சத்தும் நிலத்திற்கு மிஞ்சும்.

மூன்றாவது, பொதுக் குவளை நீங்கியதும் அதன் இடத்தைக் காகிதக் குவளை பிடித்தது. அக்காலத்தில் அது நன்மையே. இன்றோ திருவிழா முடிந்த மறுநாள் அக்குவளைகளே தெருவை நிரப்புகின்றன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. நன்கு கழுவிய எவர்சில்வர் டம்ளரும், அண்ணாந்து குடிக்கும் நமது பழக்கமும் இருக்கும்போது நமக்கு என்ன குறை?

நான்காவது ஒன்றையும் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். குவளையைப் பற்றிய அச்சம் மனிதரைப் பற்றிய அச்சமாக மாறலாகாது. தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிக் குவளை வைப்பது சுகாதாரமன்று, அது தீண்டாமை, சட்டப்படி குற்றம். கழுவ வேண்டியது குவளையை. விலக்க வேண்டியது அழுக்கை. எல்லோருக்கும் ஒரே வகையான சுத்தமான குவளை என்பதே சுகாதாரம் கேட்கும் நீதி.

நம் பஞ்சாயத்துக்கு உரிய பணி

கிரம்பைனின் முறையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் அவர் தீங்கை மக்களின் கண்ணுக்குக் காட்டினார். பிறகு எவரும் மறவாத எளிய சொல்லால் அதனைக் கூறினார். இவற்றுக்குப் பின்னரே தடை பிறப்பித்தார். நம்மில் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். அபராதம் விதிக்கும் தீர்மானம் கிராம சபையில் நிறைவேறும். ஆனால் குப்பைமேடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே உறுப்பினர்கள் தத்தம் வார்டில் ஒருநாள் காலை நடந்து, ஈ மொய்க்கும் இடங்களைக் குறித்து வாருங்கள். மாட்டுத் தொழுவம், இறைச்சிக் கடை, சத்துணவுக் கூடத்தின் பின்புறம் ஆகியவற்றைத் தவறவிடவேண்டாம். அப்பட்டியலைக் கிராம சபையில் படியுங்கள். ஒவ்வோர் இடத்திற்கும் யார் பொறுப்பு, எந்நாளுக்குள் சீராகும் என்று எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மறுமாதம் மீண்டும் பார்க்கச் செய்யுங்கள். விவசாயப் பெருமக்கள் தம் எருக்குழியை வாரம் ஒருமுறை மண்ணிட்டு மூடினால், பாதி வேலை முடிந்ததாகும்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. மண்வெட்டியும் மனமும் போதும். குடிசையில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் வாடாமல் தப்பினால், அந்த வெற்றி எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. ஆயினும் அக்குழந்தையின் தாய் தன்னையறியாமலே நமக்குக் கடன்பட்டிருப்பாள். அந்தக் கடனை ஈட்டுவதே பஞ்சாயத்துப் பதவியின் பயனாகும்.