பாலம் தாண்டும் சம்பளம்: வரியும் சுங்கமும்

இந்த மாத வகுப்புக்குத் தேவாரமும் இல்லை, திருப்புகழும் இல்லை. வரிதான் பாடம். "என்னண்ணே, கோயில் மண்டபத்துல உட்கார்ந்து இன்கம் டேக்ஸா?" என்று நம்ம பசங்க சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நம் கெலாங் பாத்தா வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் மோட்டாரில் இரண்டாவது பாலத்தைத் தாண்டி துவாஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் தினமும் ஓடுகிறவர்களுக்கு இதைவிட அவசியமான பாடம் எது?

வரி நமக்குப் புதிய சங்கதி இல்லை. திருவள்ளுவர் பொருள் செயல்வகையில் அரசன் வருமானத்தைச் சொல்லும்போது 'உல்கு' என்ற சொல்லைப் போடுகிறார். அதுதான் சுங்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சரக்குகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நான் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். புலிக்குப் பதிலாக இப்போது கணினியில் ஒரு எண் வருகிறது, அவ்வளவுதான். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்ததையும் சொன்னேன். "இப்ப அப்படி ஒரு ராஜா கிடைப்பாரா?" என்று ஒரு தம்பி கேட்டான். கிடைக்கும் வரை கணக்கைப் படிப்போம்.

முதலில் சிங்கப்பூர்ச் சம்பளம். ஓர் ஆண்டில் 183 நாள் அல்லது அதற்கு மேல் அங்கே வேலை செய்தால், வரி விஷயத்தில் உங்களைக் குடியிருப்பாளராகக் கருதுவார்கள். தூங்குவது கெலாங் பாத்தாவில் என்றாலும் அப்படித்தான். குடியிருப்பாளருக்கு முதல் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு வரி கிடையாது. அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு. மாதம் 2,400 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 28,800. உழைப்பு வருமானக் கழிவு 1,000 போனால் 27,800. அதில் 20,000-ஐத் தள்ளினால் மிச்சம் 7,800. அதற்கு 2 விழுக்காடு 156 வெள்ளி. மாதத்துக்கு 13 வெள்ளிதான். இதற்குப் பயந்து வரிக் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

வகுப்பில் அதிகம் சூடு பிடித்தது வேறு இடம். வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். "ஏமாத்திட்டான்ணே" என்று பசங்க கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி ஐஆர்21 என்ற படிவத்தை அங்குள்ள வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து கொடுக்க வேண்டிய காசு எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆணையம் கணக்கைத் தீர்த்துச் சொன்னதும், அல்லது படிவம் அவர்களுக்குக் கிடைத்து 30 நாள் ஆனதும், வரி போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "என் காசு எங்கே?" என்பதை அல்ல, "ஐஆர்21 எப்போது அனுப்பினீர்கள்?" என்பதை. தேதி தெரிந்துவிட்டால் நாளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அந்த நாளும் தாண்டிவிட்டதா? அப்போது கோபத்துக்கு நியாயம் உண்டு, புகாருக்கும் ஆதாரம் உண்டு.

அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் வரி கட்ட வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு இருந்த பொது விலக்கை மலேசியா 2022 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. ஆனால் தனிநபர்களுக்கு மட்டும் விலக்கு தொடர்கிறது. 2026 கடைசி வரை என்று இருந்ததை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அந்த வருமானம் அங்கே வரிச் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அலமாரியில் தூங்கும் அந்தக் கடிதம்தான் அதற்கு அத்தாட்சி. இன்னொன்று, இந்த விலக்கு அங்கிருந்து வரும் வருமானத்துக்கு மட்டும். சனி ஞாயிறில் இங்கே கேட்டரிங், வாடகை, சின்ன வியாபாரம் என்று வருவது இங்கத்திய வருமானம். அதற்குத் தனிக் கணக்கு.

வரி குறைவு என்று சந்தோஷப்படும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பெர்மிட்டில் போகிற நமக்கு முதலாளி ஒரு காசும் போடமாட்டார். இங்கே ஊழியர் சேமநிதியில் நாமாகவே ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை போட வழி இருக்கிறது. மாதம் 100 ரிங்கிட்டிலாவது ஆரம்பியுங்கள் என்பது என் கருத்து. 20 வருஷம் பாலம் தாண்டியும் சேமநிதிக் கணக்கில் பழைய சில்லறை மட்டுமே கிடக்கும் பெரியவர்களை இந்த வட்டாரத்திலேயே பார்க்கிறேன்.

இப்போது சுங்கம். 48 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணிக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருளுக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதற்கு மேல் தங்கியிருந்தால் 500 என்று எல்லாரும் சொல்வார்கள். அது சுற்றுப்பயணிக்கு. சிங்கப்பூரின் வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. இங்கே வாங்கிய 60 வெள்ளிப் புதுச் சப்பாத்தைப் பெட்டியோடு கொண்டு போனால் 9 விழுக்காடு, அதாவது 5 வெள்ளி 40 காசு கட்ட வேண்டும். சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லிக் கட்டினால் வேலை முடிந்தது. சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் அபராதம். சிகரெட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை. பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் ஒரு குச்சிக்கும் தீர்வை உண்டு. வேப் சுங்கக் கணக்கிலேயே வராது. அங்கே அது வைத்திருப்பதே குற்றம்.

ரொக்கத்துக்கும் கணக்கு உண்டு. மலேசியாவுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் அந்த எல்லை 20,000 சிங்கப்பூர் வெள்ளி. நம் பசங்க கையில் அவ்வளவு எங்கே என்று கேட்காதீர்கள். "தம்பி, இந்தப் பையை மட்டும் அந்தப் பக்கம் குடுத்துடு" என்று யாராவது கேட்டால், பைக்குள் இருப்பது காசோ வேறு எதுவோ, சட்டம் முதலில் பிடிப்பது பையைத் தூக்கியவனை.

இதோடு சேர்ந்ததுதான் வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' விடுவது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் கொடுத்தால் சில நூறு ரிங்கிட் தருகிறார்கள். மோசடிக் கும்பலின் காசு உங்கள் பெயரில் ஓடும். இதற்கென்றே 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். "எனக்குத் தெரியாது சார்" என்ற பதில் முன்பு போல எடுபடாது. உங்கள் காசே மோசடியில் போய்விட்டால் 997-க்கு உடனே அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் காசு நாலு கணக்கு தாண்டிவிடும்.

கடைசியாக, அரசாங்க அறிவிப்பை எப்படிப் படிப்பது? 2025 ஜூன் 9-இல் விற்பனை, சேவை வரி விரிவாக்கத்தை அறிவித்தபோது இறக்குமதி ஆப்பிள், ஆரஞ்சுக்கும் வரி என்று வந்தது. அர்ச்சனைத் தட்டு விலை ஏறப்போகிறது என்று நம் வாட்சாப் குழுவே கொதித்தது. ஜூன் 27-இல் அந்தப் பழங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜூலை 1-இல் அமலுக்கு வந்தபோது பட்டியல் வேறு. ஆனால் பழைய செய்தி அதற்குப் பிறகும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே அறிவித்த தேதியைப் பார்க்காதீர்கள், அமலாகும் தேதியைப் பாருங்கள். அரசிதழில் வந்துவிட்டதா, யாருக்குப் பொருந்தும் என்று பாருங்கள். சுங்கத்துறை, வரி வாரியம் இரண்டின் தளத்திலும் கேள்வி பதில் இருக்கிறது. மலாய்தான், நமக்குப் புரியாத மலாய் இல்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது கடைசி வரிக் கடிதம், சேமநிதிக் கணக்கு அறிக்கை இரண்டையும் எடுத்து வாருங்கள். சம்பளத்தை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்ப்போம். பிரிக்காத கடிதமாக இருந்தாலும் பரவாயில்லை.