அப்பாவின் ஜீப்புக்குத் தகரம்

கேள்வி: போடிமெட்டு தாண்டி எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்திருந்த 1967 மாடல் மஹிந்திரா சிஜே-3பி ஜீப் பத்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் தரை முழுக்க ஓட்டை. பின் மூலைகள் கையால் தொட்டாலே உதிர்கின்றன, இடப்பக்க மட்கார்டும் போய்விட்டது. உள்ளூர் டிங்கர், "மொத்தப் பாடியையும் கழற்றிவிட்டுப் புதுசு போடுங்கள், வேலை சுலபம்" என்கிறார். பாடியை மாற்றினால் அது அப்பாவின் ஜீப்பாக இருக்குமா? பழைய தகரம் எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் செய்ய முடியுமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பாடியை மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் சேதம் எல்லாம் தரையிலும் தரையைத் தொடும் இடங்களிலும்தான் இருக்கிறது. தோட்டத்து ஜீப்புகளில் இது வழக்கம். உர மூட்டையும் போர்டோ கலவைக்கான மயில்துத்தமும் அந்தத் தரையில்தானே வருடக்கணக்காகப் போய் வந்தன? ஈரத்தில் கரைந்த மயில்துத்தம் இரும்பைத் தொட்டால் செம்பு படியும், இரும்பு கரையும். மழைத் துருவைவிட வேகமாக அரிக்கும். அதனால் தரை போயிருக்கலாம்; டேஷ்போர்டும் பானெட்டுக்குப் பின்னாலுள்ள கவுலும் பக்கச் சுவரின் மேல்பாதியும் நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்க்ரூடிரைவர் முனையால் அரை அடிக்கு ஒரு தரம் குத்திப் பாருங்கள். கெட்டியான இடத்தில் முனை வழுக்கும், மக்கிய இடத்தில் உள்ளே இறங்கும். சாக்பீஸால் எல்லை போட்டால் எவ்வளவு தகரம் வேண்டும் என்று அன்றே தெரிந்துவிடும்.

முதலில் தேடுதல். வில்லிஸின் சிஜே-3பி அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரைதான் உற்பத்தியானது. இங்கே அந்த உருவம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. ஆகவே உங்களுக்குப் பொருந்தும் தகரம் நம் நாட்டிலேயே பழைய ஜீப்புகளில் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போகுமுன் உங்கள் மலையிலேயே விசாரியுங்கள். ஓடாமல் நிற்கும் ஜீப் இல்லாத எஸ்டேட் குறைவு.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. சிஜே-3பியின் ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருப்பதால் எஞ்சின் உயரம் அதிகம். அதற்காகவே பானெட், கிரில், கவுல் மூன்றையும் உயர்த்தினார்கள். போர்க்கால வில்லிஸின் பானெட்டோ, சிஜே-3ஏ பானெட்டோ உங்கள் வண்டியில் உட்காராது. "ஜீப் பானெட்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் கிரில்லின் உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள்.

அரியானாவின் டப்வாலியில் முழு பாடியே செய்து தருகிறார்கள். பிலிப்பைன்ஸிலும் வில்லிஸ் பாடிகள் அச்சு அசலாகச் செய்து ஏற்றுமதி ஆகின்றன. ஆனால் பிலிப்பைன்ஸ் பாடிகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கானவை. பெடல் துளை முதல் ஸ்டியரிங் துளை வரை நமக்கு மாறும். வெறும் சேசிஸ் மட்டும் மிஞ்சியவருக்கு இவை வழி. உங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

இனி செய்வது. உங்கள் வண்டியின் பெரும்பகுதி மடிப்பு வேலைதான், அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். மட்கார்டு தட்டை. தரையும் தட்டை. பக்கச் சுவரில் சில வளைவுகள், அவ்வளவே. ஷியரிங், பெண்டிங் மெஷின் இருக்கும் எந்தப் பட்டறையிலும் முக்கால்வாசி முடியும். பானெட்டை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். அந்த நீண்ட மென்மையான வளைவு கைச்சுத்தியலில் அலைஅலையாக வரும். அதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

சிஆர் ஷீட் கேளுங்கள், 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். முன்பே ஓரிடத்தில் இருபுறமும் பெயிண்டைச் சுரண்டி, துருப் பிடிக்காத தகரத்தை வெர்னியரில் அளந்து பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 8க்கு 4 அடி ஷீட் இந்தக் கனத்தில் சுமார் 28 கிலோ இருக்கும். 23 கிலோதான் என்றால் உங்களுக்கு 1 மில்லிமீட்டர் கொடுத்திருக்கிறார்கள். துருப் பிடிக்காது என்று ஜிஐ ஷீட்டை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகி வெல்டருக்குக் காய்ச்சல் வரும், பெயிண்டும் சரியாக ஒட்டாது.

இப்போது நான் மன்றாடிக் கேட்கும் விஷயம்: மக்கிய துண்டை அறுத்ததும் குப்பையில் போடாதீர்கள். அதுதான் உங்கள் அச்சு. எந்த மடிப்பு எத்தனை அங்குலம், போல்ட் துளை ஓரத்திலிருந்து எவ்வளவு என்று அந்தத் துருப்பிடித்த தகரம் சொல்வதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் வைத்து வரைந்து வெட்டுங்கள். அட்டையை வண்டியில் வைத்துப் பொருந்திய பிறகே ஷீட்டைத் தொடுங்கள். இடப்பக்க மட்கார்டின் வடிவம் அடையாளமே இல்லை என்றால், வலப்பக்கத்துக்கு அட்டை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். துளைகளை மட்டும் திருப்பியதை நம்பாமல் வண்டியில் வைத்துக் குறியுங்கள்.

தரையை அறுக்குமுன் பாடி சேசிஸில் போல்ட் போட்டபடியே இருக்கட்டும். இரண்டு பக்க வாசலிலும் குறுக்கே ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாக டாக் வெல்டிங் அடியுங்கள். தரைதான் இரு சுவர்களையும் பிடித்து நிறுத்துகிறது. அதை எடுத்ததும் சுவர் விரியும், பிறகு விண்ட்ஷீல்டும் டெயில் கேட்டும் சேராது. மொத்தத் தரையையும் ஒரே நாளில் அறுக்காமல் வலப்பாதி முடித்து இடப்பாதிக்கு வாருங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகே வெல்டிங். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

புதுத் தரையில் பழையதைப் போலவே வரி வரியாகப் பீடிங் வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது முரசு மாதிரி அதிரும். டிங்கரிடம் பீடிங் மெஷின் இருக்காது. ட்ரங்க் பெட்டியோ ஏசி டக்டோ செய்யும் பட்டறையில் இருக்கும். இணைப்புக்கு சிஓ2 வெல்டிங், 0.8 கம்பி. நீளமாக ஓட்டாமல் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, ஒன்று இங்கே, அடுத்தது எதிர்முனையில். ஆறவிட்டு நடுவை நிரப்ப வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டினால் ஷீட் கோணும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாமல் ஓரத்தோடு ஓரம் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்றி ஒட்டிய இடுக்கில் தண்ணீர் தங்கி ஐந்தாம் மழைக்காலத்தில் மறுபடி துரு கிளம்பும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வைத்த இடங்களில் மட்டும் மேல் தகரத்தில் துளை போட்டு, அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்பினால் பழைய ஸ்பாட் மாதிரியே இருக்கும். வடிகால் துளைகளை மறக்காமல் விடுங்கள். வேலை முடிவதற்குள் பட்டி பூசக் கொண்டுவந்தால் நிறுத்துங்கள். முதலில் வெறும் தகரத்தை உங்கள் விரலால் தடவிப் பார்த்து, மேடு பள்ளத்தைச் சுத்தியலாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வடிவில் தகரம் போடுவது பழுதுபார்ப்பு. நீளம் கூட்டி நான்கு பேர் அதிகம் உட்கார வைப்பது வம்பு. 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவும் எடுக்கலாம். அதற்கு சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பாடியை மாற்ற வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்ல இதுவும் ஒரு காரணம். ஆனால் விண்டேஜ் பதிவு எடுத்தால் தினசரி ஓட்டமும் வாடகை ஓட்டமும் கூடாது. தோட்டத்துக்கு ஏறி இறங்க வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அறுத்த துண்டுகள் ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்று எழுதி, வண்டி பெயிண்ட் ஆகிக் கடைசி போல்ட் முறுக்கும்வரை ஷெட்டிலேயே வையுங்கள். ஏதோ ஒரு துளை சேராமல் போகும் நாளில் அவற்றைத்தான் தேடுவீர்கள்.