யாரும் இயற்றாத பாட்டா அது?

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கட்டுரையை ரசித்துப் படித்துக்கொண்டே வந்தவன், ஒரு வரியில் நின்றுவிட்டேன். அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் கங்கைப் பாடல் ‘மிசிசிப்பிக் கரையில் அடிமைகள் பாடிய நாட்டுப்பாடலைத் தழுவியது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். இது நீயாகச் சொன்னதல்ல, எங்கோ படித்ததுதான். மேடை அறிவிப்பாளர்கள்கூட இதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்தப் பாடல் தழுவிய ‘ஓல் மேன் ரிவர்’ நாட்டுப்பாடல் அல்ல, அம்மா. 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கின் சீக்ஃபெல்ட் அரங்கில் மேடையேறிய ‘ஷோ போட்’ என்ற இசை நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்து, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய பாட்டு. கெர்ன் 1885இல் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகத்துக்கு மூலமான நாவலை 1926இல் வெளியிட்ட எட்னா ஃபெர்பர், மிதக்கும் நாடகக் கொட்டகையின் வாழ்க்கையை நேரில் பார்த்தறிந்தது மிசிசிப்பியில் அல்ல. வட கரோலினாவில் ஓடிய ‘ஜேம்ஸ் ஆடம்ஸ்’ என்னும் மிதக்கும் அரங்கில். இப்போது சொல், எந்தக் கரையின் நாட்டுப்பாடல் இது?

கெர்ன் அந்த நாவலைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஹாமர்ஸ்டைனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இதை நாடகமாக்கலாம் என்றார். புத்தகம் அவரை அப்படிப் பிடித்து ஆட்டும்.     

பாட்டுக்கு வருகிறேன். நாடகத்தின் கதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு நீள்கிறது. மனிதர்கள் வருகிறார்கள், பிரிகிறார்கள். இதையெல்லாம் கோத்துக் கட்ட ஒரு நூல் வேண்டும், அது நதிதான் என்று ஹாமர்ஸ்டைன் கண்டார். நதியைப் பாட, துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஜோ என்ற கருப்பினத் தொழிலாளியைத் தேர்ந்தார். மெட்டுக்கு அவர்கள் வெளியே எங்கும் போகவில்லை. நாடகத் தொடக்கத்தில், கதை நடக்கும் படகின் பெயரைச் சொல்லிப் பாடும் ‘காட்டன் பிளாஸம்’ என்ற துள்ளலான கூட்டுப்பாட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதன் முதல் நான்கு சுரங்களைத் திருப்பிப் போட்டு, நடையைத் தளர்த்தினால் நதிப் பாட்டின் முதல் அடி வந்துவிடும்! திருவிழா ஆரவாரத்துக்கும் சுமை தூக்குபவனின் பெருமூச்சுக்கும் முதல் ஒன்றேதான். இதை ஒரு நாடகக் கலைஞனின் மூளைதான் செய்யும்.

பிறகு ஏன் அது அத்தனை பழையதாகக் கேட்கிறது? பல்லவிப் பகுதி பெரும்பாலும் ஐந்தே சுரங்களில் நடக்கிறது. மோகனம் பாடிப் பழகிய உன் காதுக்கு அது உடனே பிடிபடும். உலகத்தின் பல மூலைகளிலும் நாட்டார் மெட்டுகள் ஐந்து சுரத்தில் இருப்பதால், இதுவும் யாரும் செய்யாமல் தானாக முளைத்தது என்று தோன்றுகிறது. அதே தாளக்கட்டு வரிக்கு வரி மாறாமல் வருவதும் ஆற்றின் ஓட்டத்தைக் காதில் ஏற்றிவிடுகிறது. ஆனால் நடுப்பகுதியைக் கேள். சுருதி சட்டென்று சோகச் சாயலுக்கு மாறி, உழைப்பின் வலி அங்கே பேசுகிறது. பாட்டின் வீச்சோ ஒரு ஸ்தாயியையும் தாண்டி இன்னும் ஆறாம் சுரம் வரை போகிறது. கீழ்க்குரலின் அடியில் தொடங்கி, உச்சத்தைக் கடைசி வரிக்கென்று சேமித்து வைத்திருக்கிறார் கெர்ன். களத்துமேட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு இப்படி இருக்காது. கூட்டத்தில் பாதிப்பேருக்குக் குரல் எட்டாது. பயிற்சி பெற்ற ஒற்றைக் கனத்த குரலுக்கென்றே தைத்த சட்டை இது. இது நாட்டுப்பாடல் அல்ல என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கட்சி. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தக் குரல் கருப்பினப் பாடகர் பால் ராப்சனுடையது. ஆனால் முதல் அரங்கேற்றத்தில் பாடியவர் ஜூல்ஸ் பிளெட்சோ. ராப்சன் 1928இல் லண்டனிலும், 1932இல் நியூயார்க்கிலும், 1936இல் திரைப்படத்திலும் பாடினார். 1927இல் இதன் வரிகளில் கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லும் இருந்தது. ராப்சன் 1930களின் பிற்பகுதியிலிருந்து தம் கச்சேரிகளில் வரிகளையே மாற்றினார். வாழச் சலித்து, சாகவும் அஞ்சும் மனிதனின் முனகலை, சாகும்வரை போராடுவேன் என்ற சூளுரையாக்கினார். ஹாமர்ஸ்டைன் எழுதியது சகித்துக்கொள்பவனின் பாட்டு. ராப்சன் பாடியது எழுந்து நிற்பவனின் பாட்டு. ஹசாரிகா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் போனபோது பழகியது இந்த ராப்சனோடு. 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். கங்கைப் பாடலின் மூலமான அவருடைய அசாமியப் பாட்டு, கரையில் இத்தனை துயரம் இருக்க நீ ஏன் சும்மா ஓடுகிறாய் என்று நதியைக் கேட்பது அந்த எழுந்து நின்ற மனிதனின் குரலில்தான்.

இதை ‘அடிமைகளின் நாட்டுப்பாடல்’ என்று எழுதும்போது கெர்னையும் ஹாமர்ஸ்டைனையும் மறைக்கிறாய். ராப்சன் எதை எதிர்த்துத் திருத்தினார் என்பதையும் மறைக்கிறாய். அடிமைகள் உண்மையாகவே படைத்த பக்திப்பாடல்கள் வேறு. 1871இல் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் ஊர் ஊராகச் சென்று அவற்றை உலகுக்குக் கேட்கச் செய்தார்கள். 1925இல் ராப்சனும் லாரன்ஸ் பிரவுனும் நியூயார்க்கில் கருப்பின மக்களின் பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு முழுக் கச்சேரி செய்தார்கள். அந்த மக்களுக்குச் சொந்தச் செல்வம் அவ்வளவு இருக்க, பிராட்வேயின் சரக்கை அவர்கள் கணக்கில் எழுதுவானேன்?

கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரியைத் திருத்து. அதற்கு முன்னால் ‘காட்டன் பிளாஸ’த்தையும் 1936 படத்தில் ராப்சன் பாடியதையும் அடுத்தடுத்துக் கேள். நான்கு சுரங்களையும் நோட்டில் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்